சீனியரும் ஜூனியரும்: கோப்பைக்கு ஆடும் ஹாக்கி அணி செய்யக் கூடாத தவறுகள்

மேற்கே ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கொல்லத்து ஹாக்கி மைதானம். கிழக்கே இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் கோவில்பட்டி. இரண்டுக்கும் இடையே செங்கோட்டையில் இருப்பதால், எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் கிரிக்கெட்டுக்கு நடுவே ஹாக்கிப் பேச்சும் கொஞ்சம் ஓடும். 2025-ஆம் ஆண்டு இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஜூனியர் உலகக் கோப்பை நடந்தபோது அந்தப் பேச்சு சூடு பிடித்தது. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த இந்தியப் பையன்கள் கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் அடித்து வென்றதும், "இவர்களையே தொழில்முறை அணிகளில் முழுக்க இறக்கிவிட்டால் என்ன?" என்ற கேள்வி எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே ஒரு சிறு கிளப் அணிக்குப் பயிற்சியளிப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்வியிலேயே முதல் தவறு இருப்பதாக நான் நினைக்கிறேன்.

அது தலையெண்ணும் தவறு. 2024-இல் தொழில்முறை அணிகள் மோதும் ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கப்பட்டபோது, ஆண்கள் அணி ஒன்றுக்கு 24 வீரர்கள், அவர்களில் குறைந்தது 16 பேர் இந்தியர்கள், அந்த 16 பேரில் நான்கு ஜூனியர்கள் கட்டாயம் என்று விதி வகுக்கப்பட்டது. விதி நல்லதுதான். ஆனால் நான்கு ஜூனியர்களை ஏலத்தில் எடுத்துவிட்டதாலேயே சமநிலை வந்துவிட்டதாக எண்ணுவது, உப்பும் புளியும் வாங்கி வைத்ததையே குழம்பு என்று சொல்வதைப் போன்றது. எத்தனை பேர் என்பதைவிட, எந்த வரிசையில், எந்த நிமிடத்தில், யாருக்குப் பக்கத்தில் என்பதே முக்கியம்.

2022 ஆசியக் கோப்பைக்கு ஜகார்த்தா சென்ற இந்திய அணியை நினைத்துப் பாருங்கள். அரியலூரின் செல்வம் கார்த்தியும் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அறிமுகமான அணி அது. முந்தைய ஆண்டுதான் ஓய்வை அறிவித்திருந்த பிரேந்திர லக்ராவும் எஸ்.வி. சுனிலும் திரும்பி வந்து, கேப்டனாகவும் துணைக் கேப்டனாகவும் பொறுப்பேற்றார்கள். ஒருவர் பின்வரிசைக்காரர், மற்றவர் முன்வரிசைக்காரர். மைதானத்தின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு அனுபவம் இருந்தது. இருவருமே பின்வரிசைக்காரர்களாக இருந்திருந்தால் முன்வரிசைப் பையன்களுக்கு வழிகாட்ட அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த அணி ஜப்பானை வென்று வெண்கலத்தோடு திரும்பியது.

இங்கிருந்துதான் பெரும்பாலான பயிற்சியாளர்கள் சறுக்கும் இடம் வருகிறது. ஹாக்கியில் ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போகலாம். ஓடிக் களைத்த முன்வரிசை சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். களைத்தவர்கள் பெரும்பாலும் சீனியர்களாகவும் பெஞ்சில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஜூனியர்களாகவும் இருப்பதால், கவனிக்காமல் விட்டால் ஒரே மாற்றத்தில் அனுபவம் முழுவதும் வெளியே வந்து அமர்ந்துவிடும். எங்கள் அணி ஓர் அரையிறுதியில் 2-1 என முன்னிலையில் இருந்தபோது நான் இதையே செய்தேன். நடுவரிசையின் மையத்தில் ஆடும் சென்டர் ஹாஃபையும் இரண்டு மூத்த முன்வரிசைக்காரர்களையும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்தேன். உள்ளே போன மூவரும் வேகக்காரர்கள். ஆனால் பந்தைப் பிடித்து நிறுத்தி நேரத்தைக் கடத்த வேண்டிய கட்டத்தில், மூவரும் எதிரணிக் கோலை நோக்கியே ஓடினார்கள். நான்கு நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கினோம். தவறு அவர்களுடையது அல்ல. அன்றிலிருந்து, ஒரு சீனியர் வெளியே வந்தால் அதே வரிசையில் இன்னொரு சீனியர் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்த பிறகே நான் கையைக் காட்டுகிறேன்.

சீனியரை ஓட்ட வேகத்தால் மட்டும் அளப்பது அடுத்த தவறு. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில், 17-ஆவது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். நடுவரிசைக்காரரான மன்பிரீத் சிங் பின்வரிசைக்கு இறங்கினார். ஸ்ரீஜேஷ் கோலைக் காத்தார். மீதமுள்ள நேரம் முழுவதையும் பத்துப் பேர் தாக்குப்பிடித்து, 1-1 என முடிந்த ஆட்டத்தை ஷூட் அவுட்டில் வென்றார்கள். ஆட்டத்தின் நடுவே சொந்த இடத்தை விட்டு இன்னொருவரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் அந்த அறிவை எந்த ஓட்டப் பரிசோதனையும் காட்டாது. அதற்காக இளையவர்களை நம்பக் கூடாது என்பதில்லை. டோக்கியோவுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட 16 பேரில் 10 பேருக்கு அதுவே முதல் ஒலிம்பிக்ஸ். மாற்று வீரராகவே பெயர் அறிவிக்கப்பட்டிருந்த சிம்ரன்ஜீத் சிங், ஜெர்மனிக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். அதே ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை (கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு எடுக்கும் கோல் வாய்ப்பு) தடுத்தவர், தம் மூன்றாவது ஒலிம்பிக்ஸில் ஆடிய ஸ்ரீஜேஷ்.

கோல்கீப்பர் இடத்தில் நடக்கும் தவறு தனி ரகம். மற்ற இடங்களில் இளையவருக்குப் பத்து நிமிடமாவது கிடைத்துவிடும். இங்கே மூத்தவர் நன்றாக ஆடும் வரை கதவே திறக்காது. ஸ்ரீஜேஷின் நிழலில் 2018 முதல் காத்திருந்த கிருஷண் பகதூர் பாதக்குக்கு, குழுநிலை ஆட்டங்களில் கால்பகுதிகளைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஸ்ரீஜேஷ் 2024-இல் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு வந்தவர் புதியவர் அல்ல. கோப்பைக் கனவு காணும் அணிகள் இந்தப் பங்கீட்டைத்தான் முதலில் கைவிடுகின்றன.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு, அது மரியாதை. பின்னாலிருந்து எதிரணி ஆள் வருவதைப் பார்க்கும் பையன், "அண்ணே, பின்னால ஆள் வருதுண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து பறிபோயிருக்கும். சீனியர் தவறான இடத்தில் நின்றால் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொள்வான். ஆகவே மைதானத்துக்குள் எல்லாருக்கும் இரண்டெழுத்துக் கூப்பிடு பெயர்தான் என்று விதி வைத்தோம். முதல் வாரம் பையன்கள் கூசிப் போனார்கள். புனலூரிலிருந்து எங்களுக்காக ஆட வரும் மலையாளி சென்டர் ஹாஃபை மட்டும் இன்றுவரை "சேட்டா" (அண்ணன்) என்றே அழைக்கிறார்கள். மலையாளத்தில் எழுதினால் அது இரண்டெழுத்தைத் தாண்டவில்லை என்பது அவர்கள் வாதம்.

அதே மரியாதைதான் சீனியரிடம் அவருடைய ஆட்ட நேரம் குறையப் போவதைச் சொல்ல விடாமலும் தடுக்கிறது. சொல்லாமலே பெஞ்சில் உட்கார வைத்தால், அவர் அணியில் இருந்துகொண்டே அணிக்கு எதிராளி ஆகிவிடுவார். கடந்த சாரல் காலத்தில் நான் தயங்கித் தயங்கி இந்தப் பேச்சை எடுத்தபோது, சேட்டா சிரித்துவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தையும் அப்போது வரும் எதிரணியின் பெனால்டி கார்னர்களைத் தடுப்பதையும் தமக்கு விட்டுவிடும்படி தாமே கேட்டார். அவருடைய பழைய இடத்தில் இப்போது ஆடுவது பன்னிரண்டாம் வகுப்புப் பையன். அவனுக்கு முழங்கால் காப்பைக் கட்டிவிடுவது அவர்தான்.