மொழிபெயர்க்கப்படாத விஷுவல் நாவலைச் சிபாரிசு செய்யும்போது நாம் செய்யும் தவறுகள்

படமும் இசையுமாகத் திரையில் படித்துக்கொண்டே போகும் கதை விளையாட்டுதான் விஷுவல் நாவல். அப்படி ஒன்றை ஜப்பானிய மொழியிலேயே படித்து முடித்த ராத்திரி தூக்கம் வராது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று கை பரபரக்கும். உட்கார்ந்து எழுதினால் பக்கம் பக்கமாக நம் பரவசம்தான் வரும், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்குத் தேவையான விஷயம் ஒன்றிரண்டு வரிகூடத் தேறாது. ஆங்கிலத்தில் வந்துவிட்ட படைப்பு என்றால் பரவாயில்லை, பத்துப் பேர் எழுதியிருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பே இல்லாத ஒன்றுக்கு உங்கள் சொல்தான் ஒரே பிடிமானம். அதை நம்பி ஒருவர் 9,000 யென் வரை கொடுக்கிறார், அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் உட்காருகிறார். அந்த மூன்று மாதத்துக்கு நாமும் பொறுப்பு என்று நினைத்து எழுதினாலே பாதித் தவறு குறைந்துவிடும்.

இருப்பதிலேயே அதிகச் சேதம் செய்வது, ‘மொழி எளிதுதான், தைரியமாகப் படியுங்கள்’ என்ற வரி. நானே செய்திருக்கிறேன். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் நடுத்தர நிலையான என்3ஐ அப்போதுதான் முடித்திருந்த ஒரு தோழியிடம் ஒரு பள்ளிக்கூடக் கதையைச் சொல்லி, எல்லாம் சாதாரணப் பேச்சுதான் என்றேன். பேச்சு உண்மையிலேயே சாதாரணம்தான். ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் பழைய ஏடு ஒன்றின் நடையில், இன்றைக்கு யாரும் பேசாத வினைமுற்றுகளோடு தொடங்கும். நான் படித்தபோது அந்தப் பத்திகளைப் பாதி ஊகத்தில் தாண்டிப் போயிருந்தேன், அதனால் அவை என் நினைவிலேயே நிற்கவில்லை. அவள் முதல் நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நாற்பது வரி தாண்டினாள். என்மீது கோபப்படவில்லை, கதையையும் குறை சொல்லவில்லை, ‘எனக்கு இந்த மொழி வராது போல’ என்று சொல்லிவிட்டுப் பல மாதம் ஜப்பானியம் பக்கமே வரவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

கஷ்டத்தில் பல வகை உண்டு, எந்த வகை என்று சொல்ல வேண்டும். நைட்ரோபிளஸ் நிறுவனம் 2009இல் வெளியிட்ட முராமாசாவில் நடையே பழமையானது, வாள்வீச்சுச் சொற்கள் வேறு. பழகினாலும் பாரம் பெரிதாகக் குறையாது. அதே ஆண்டில் வந்த பால்டர் ஸ்கையில் சிக்கல் கலைச்சொற்களில்தான்: மெய்நிகர் உலகம், நானோ இயந்திரம் என்று முதல் சில மணி நேரம் மூச்சு முட்டும், அப்புறம் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் வேகம் பிடித்துவிடும். இரண்டும் பிற்பாடு ஆங்கிலத்தில் வந்துவிட்டன, ஆனால் ஜப்பானியத்தில் படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் இரண்டாவது வகைக்குப் பொறுமை இருந்தால் போதும், முதல் வகைக்கு முன்கூட்டியே நிறையப் படித்திருக்க வேண்டும். குரல் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். வசனத்துக்குக் குரல் இருந்தால் கன்ஜி என்ற சித்திர எழுத்துகளின் உச்சரிப்பு காதிலேயே விழும். கதாநாயகனுக்கும் கதையோட்ட வரிகளுக்கும் பெரும்பாலும் குரல் இருக்காது. டெக்ஸ்ட்ராக்டர் போன்ற மென்பொருளால் வரிகளை வெளியே எடுக்க முடிந்ததா, யோமிதான் என்ற உலாவி அகராதியில் சொல்மேல் சுட்டியை வைத்துப் பொருள் பார்க்க முடிந்ததா என்பதும் கற்றுக்கொண்டிருப்பவருக்கு வாழ்வா சாவா பிரச்சினை. கணினிக்கு வராமல் கன்சோல் என்ற விளையாட்டுக் கருவியில் மட்டும் வந்த படைப்பென்றால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும், அதை மறைக்காதீர்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். முதல் அரை மணி நேரத்தில் எத்தனை சொல்லுக்கு அகராதி பார்த்தேன், பத்து மணி நேரம் கழித்து அதே அரை மணிக்கு எத்தனை, இரண்டையும் குறித்து வைத்து விமர்சனத்தில் போடுகிறேன். கூடவே அதற்கு முன் எந்த மூன்று நாவல்களைப் படித்திருந்தேன் என்றும் எழுதுகிறேன். எல்லாவற்றையும்விட நல்லது, சோதனைப் பதிப்பின் இணைப்பைக் கொடுப்பது. தைகென்பான் என்பார்கள்; கணினிக்கு வெளியிடும் நிறுவனங்களில் பெரும்பாலானவை இதைத் தங்கள் தளத்திலேயே இலவசமாக வைக்கின்றன. ஒரு மணி நேரம் அதைப் படித்துப் பார்த்தால், நாம் பத்துப் பத்தி எழுதிச் சொல்வதை அவர் தானே தெரிந்துகொள்வார். நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும்: விஷுவல் நாவல்களின் இணையத் தரவுத்தளமான விஎன்டிபியில் 50 மணி நேரத்துக்கு மேல் போனால் மிக நீளமானது என்று வகைப்படுத்துகிறார்கள், அகராதியோடு படிப்பவருக்கு அது சுலபமாக இரண்டு மூன்று மடங்காகும்.

அடுத்தது பதிப்பு. ‘சுகிஹிமே படியுங்கள்’ என்று மொட்டையாகச் சொன்னால் எதை? 2000இல் வந்த மூலமா, 2021இல் வந்த மறு ஆக்கமா? 2021 பதிப்பில் இருப்பது ஆர்குவெயிட், சியெல் இருவரின் ரூட்டுகள் (நம் தேர்வுக்கேற்பப் பிரியும் கதைப் பாதைகள்) மட்டும். நீங்கள் அகிஹாவின் ரூட்டை நினைத்து உருகி எழுதியிருந்தால், அதை நம்பி புதிய பதிப்பை வாங்கியவர் கடைசி வரை தேடிக்கொண்டிருப்பார். டியெஸ் இரே இன்னும் மோசம்: 2007இல் முதலில் வெளியானது முற்றுப்பெறாத ஒன்று, முழுமையான வடிவம் 2009இல்தான் வந்தது. கன்சோலுக்குப் போகும்போது வயதுவந்தோர் காட்சிகளை எடுத்துவிடுவார்கள், சில சமயம் புது ரூட் ஒன்றையே சேர்ப்பார்கள். ஆகவே ஆண்டு, கருவி, பதிப்பின் பெயர் மூன்றும் விமர்சனத்தின் தலையிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு படித்தீர்கள் என்பதையும் ஒளிக்காதீர்கள். ஐந்து ரூட்டில் இரண்டு முடித்துவிட்டு எழுதுவதில் ஒரு குற்றமும் இல்லை, முழுதும் படித்ததுபோல் எழுதுவதுதான் குற்றம். ரூட்டுக்கு ரூட் எழுதியவரே மாறுவது இந்தத் துறையில் சர்வசாதாரணம். 2011இல் கீ நிறுவனம் வெளியிட்ட ரீரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: தனகா ரோமியோ, தோனோகாவா யூதோ, ர்யூகிஷி07 மூவரும் பிரித்துக்கொண்டு எழுதியது, நடையும் வேகமும் ரூட்டுக்கு ரூட் வேறு. அங்கே ‘எழுத்து அருமை’ என்றால் யாருடைய எழுத்து?

சரி, கதையைக் கெடுக்காமல் சொல்வது எப்படி? முடிவைச் சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நடப்பது வேறு. ‘உட்சுகே’ என்று வகை சொன்னால் மனத்தை நொறுக்கும் கதை என்று அர்த்தம், சிரிப்பும் கலகலப்புமாகத் தொடங்கும் ஒரு படைப்புக்கு அந்த ஒரு சொல்லே முதல் பத்து மணி நேரத்தைப் பாழாக்கிவிடும். ‘கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, பாருங்கள்’ என்பதும் அப்படித்தான், படிப்பவர் முதல் காட்சியிலிருந்தே துப்பறிய ஆரம்பித்துவிடுவார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசி நான் பார்த்ததில்லை. ஜப்பானிய வினைச்சொல்லில் ஆண் பெண் தெரியாது, ஒருவரா பலரா என்றும் தெரியாது. ‘கிதா’ என்றால் வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது எல்லாமே அதுதான். எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் அங்கே முழுதாக நிற்கும். இந்த வசதியை வைத்துக்கொண்டு, பேசுகிறவர் யார், கடிதம் எழுதியவர் யார் என்பதைப் பல மணி நேரம் மறைத்து வைத்திருக்கும் கதைகள் உண்டு. நாம் கதைச்சுருக்கத்தில் ‘மழையில் யாரோ ஒருவன் வந்து நின்றான்’ என்று எழுதிவிட்டால் முடிந்தது கதை, அந்த ‘ஆன்’ விகுதியிலேயே ரகசியம் போய்விட்டது. ‘வந்தார்கள்’ என்றால் ஒருவருக்கு மேல் என்று தெரிந்துவிடும். நம்மிடமே மாற்று இருக்கிறது: ‘வந்தார்’ என்று மரியாதையில் எழுதலாம், ‘ஓர் உருவம் வந்து நின்றது’ எனலாம், ‘குரல் கேட்டது’ எனலாம். எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிடுங்கள். உறவுச் சொல்லும் அதே மாதிரி. ‘ஒனேசான்’ என்பது நம் ‘அக்கா’ போலத்தான், கூடப் பிறந்தவளையும் சொல்லும், பக்கத்து வீட்டுப் பெரிய பெண்ணையும் சொல்லும். அக்கா என்றே விடுங்கள், ‘உடன்பிறந்த’ என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

இதே காரணத்தால்தான் இயந்திர மொழிபெயர்ப்பை வைத்துப் படித்துவிட்டு விமர்சனம் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ‘மத்தேதா நோனி’ என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. நான் காத்திருந்தேனே என்கிறாளா, இன்னொருத்தி காத்திருந்தாளே என்கிறாளா? முந்தைய காட்சியைப் படித்த மனிதருக்குக் குழப்பமே இல்லை. அந்த ஒரு வரி மட்டும் கையில் கிடைத்த இயந்திரம் ஊகித்து எதையோ போடும், போடுவது சரளமாகவும் இருக்கும், அதனால் தவறு என்றே தோன்றாது. அப்படிப் படிப்பது அவரவர் விருப்பம். அதை வைத்து ‘உரையாடல் தட்டை’, ‘பாத்திரங்களில் முரண்’ என்று தீர்ப்பு எழுதும்போது, எப்படிப் படித்தேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மதிப்பெண்ணை மட்டும் தூக்கிக் காட்டுவதும் உதவாது. எரோகேம்ஸ்கேப் என்ற மதிப்பீட்டுத் தளத்தில் ஜப்பானிய வாசகர்கள் போட்டதன் இடைநிலை மதிப்பு தெரியும். விஎன்டிபியில் வாக்களிப்பவர்கள் உலகெங்கும் இருந்து வருபவர்கள். மொழிபெயர்ப்பு இல்லாத ஒன்றுக்கு அங்கே வாக்குப் போட்டிருப்பவர்களில் பலர், இது பிடிக்கும் என்று தெரிந்தே தேடிப் போய் மெனக்கெட்டுப் படித்தவர்கள், எண் இயல்பாகவே மேலே ஏறும். உங்களுக்கு எது பிடித்தது, ஏன் பிடித்தது என்ற இரண்டு வரி அதைவிடப் பயன்படும்.

வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தைப் பற்றிக் கூச்சப்பட்டுப் பேசாமல் விடுவது பெரிய தவறு. கணினிப் படைப்புகளில் கணிசமானவை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமானவை. வன்முறை, வற்புறுத்தல், தற்கொலை போன்றவை வருமானால் எந்த அளவுக்கு, தாண்டிப் போக முடியுமா என்று நேராகச் சொல்லுங்கள். கேட்பவரின் வயது தெரியாத இடத்தில் எல்லா வயதினருக்குமான பதிப்பு எது என்பதை முதலில் சொல்லுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. தலைப்பைத் தமிழில் மட்டும் எழுதினால் தேட முடியாது, நம் ‘க’ அங்கே ka ஆகவும் இருக்கும் ga ஆகவும் இருக்கும். சகுரா என்று தொடங்கும் தலைப்புகளோ கணக்கில்லை. 2015இல் வந்த சகுரா நோ உதாவைப் படிக்காமல் அதன் தொடர்ச்சியான, 2023இல் வந்த சகுரா நோ தோகியில் போய் விழுந்தால் பாதி புரியாது. ஜப்பானிய எழுத்தில் தலைப்பை ஒரு முறை ஒட்டிவிடுங்கள். பழைய படைப்புகள் விண்டோஸில் ஜப்பானிய மொழி அமைப்பு இல்லாமல் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டங்களும் கிறுக்கலுமாக வரும், அதையும் ஒரு வரி. சில கடைகள் ஜப்பானுக்கு வெளியே திறக்காது, டிஎல்சைட் என்ற இணையக் கடை திறக்கும். வாங்கும் வழியைச் சொல்லாமல் விட்டால் அவர் திருட்டுப் பிரதியைத்தான் தேடிப் போவார்.

இன்னொன்று, மொழிபெயர்க்கப்படவில்லை என்பதையே தகுதியாகப் பேசுவது. ஜப்பானியம் தெரிந்தால்தான் நல்லதெல்லாம் கிடைக்கும் என்ற தொனி வந்துவிட்டால் கேட்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். இது ஒருபோதும் வராது என்றும் அடித்துச் சொல்லாதீர்கள். 2004இல் வந்த கிளானட் 2015இல் ஆங்கிலத்தில் வந்தது, பால்டர் ஸ்கைக்குப் பத்து ஆண்டு ஆனது. எழுதும் அன்றைக்கு விஎன்டிபியில் வெளியீட்டுப் பட்டியலைப் பாருங்கள், மொழிபெயர்ப்பு வந்துவிட்டால் பழைய விமர்சனத்துக்குத் திரும்பிப் போய் முதல் வரியை மாற்றுங்கள்.

அந்தத் தோழிக்கு இப்போது நான் வெறும் பெயரை அனுப்புவதில்லை. சோதனைப் பதிப்பின் இணைப்பும், முதல் அரை மணியில் நான் அகராதி பார்த்த எண்ணிக்கையும் சேர்ந்தேதான் போகும். கடைசியாக அனுப்பியதற்கு என் கணக்கு 61. படித்துப் பார்த்துவிட்டு, தனக்கு 140 ஆனது, ஆனாலும் அந்த ரயில் நிலையக் காட்சிக்காகவே வாங்கப்போகிறேன் என்று பதில் போட்டாள்.