டிடெக்டர் வாங்கிய புதிதில் செய்யும் தவறுகள் (எல்லாம் நானும் செய்தவைதான்)

போன மாதம் இங்கிலாந்தின் கென்ட்டில், அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலுக்கு எங்களோடு புதிதாக ஒரு தம்பி வந்தார். லண்டனில் ஐ.டி. வேலை. கையில் புத்தம்புது மெட்டல் டிடெக்டர். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு என்னிடம் வந்து, “அண்ணா, மெஷின் சூப்பர். ஆணிக்கெல்லாம் வாயே திறக்கல” என்றார். எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதையே சொல்லிப் பெருமைப்பட்ட ஆள் நான்.

பேட்டரியை சார்ஜ் போட மறப்பது, இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு காலடியில் தேடுவது எல்லாம் ஒரே நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

இரும்பின் வாயை அடைப்பது

பெரும்பாலான மெஷின்களில் டிஸ்கிரிமினேஷன் என்று ஒன்று உண்டு. இரும்பு என்று பட்டால் சத்தம் போடாதே என்று மெஷினுக்குச் சொல்லி வைப்பது. புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் முப்பது ஆணி தோண்டிக் கை காய்த்ததும் இதைக் கூட்டிவிடுவார்கள். வயல் அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

மெஷினின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் கம்பிச் சுருளுக்குக் ‘காயில்’ என்று பெயர். அது மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழன்று, பதில் சற்றுத் தாமதமாகத் திரும்பி வரும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் இது இரும்பா, வெள்ளியா என்று மெஷின் ஊகிக்கிறது. ஆனால் காயிலுக்கு அடியில் ஆணியும் காசும் ஒட்டிக் கிடந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பதில் வராது. கலந்து ஒரே பதில்தான் வரும். அதில் ஆணியின் கை ஓங்கிவிட்டால் மொத்தத்தையும் இரும்பு என்று எடுத்துக்கொண்டு மெஷின் பேசாமல் போய்விடும். ஆணி மட்டுமா போயிற்று, காசும் போயிற்று.

அப்போது எனக்கு ஒரு பண்ணையில் அனுமதி கிடைத்திருந்தது. வயலின் ஒரு மூலையில் எப்போதோ இடிந்துபோன வீடு இருந்த தடம். அடி வைத்த இடமெல்லாம் ஆணி. நான் டிஸ்கிரிமினேஷனை முழுக்க ஏற்றிக்கொண்டு இரண்டு குளிர்காலம் அந்த மூலையில் நடந்தேன். மொத்த வரவு மூன்று பித்தளைப் பொத்தான், ஒரு ஈயக் குண்டு. ‘அங்க ஒண்ணும் இல்ல’ என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன்.

எங்கள் குழுவில் எழுபது தாண்டிய ஆங்கிலேயத் தாத்தா ஒருவர். என் பேச்சைக் காதில் வாங்காமல் ஆறு அங்குலக் காயிலை மாட்டிக்கொண்டு, இரும்புச் சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டு, அதே மூலையில் தரையோடு தரையாக ஊர்ந்தார். பக்கத்தில் நின்றாலே அவர் ஹெட்போனிலிருந்து தவளைக் கூட்டம் மாதிரி கரகரப்பு கேட்டது. இரண்டு மணி நேரத்தில் முதலாம் எட்வர்ட் ராஜா காலத்து, எழுநூறு வருடப் பழைய வெள்ளிப் பென்னி ஒன்றும், சில்லறைக்காகப் பாதியாக வெட்டிய இன்னொரு பென்னியும் எடுத்தார். பாதிக் காசு கிடந்த குழியில், அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி, துருப்பிடித்த ஆணி. அந்த இடத்தை நான் குறைந்தது நான்கு முறை கடந்திருப்பேன்.

சரி, அடுத்த வருடம் நாமும் அப்படியே தேடலாம் என்று நினைத்தேன். அந்த வசந்தத்திலேயே பண்ணைக்காரர் அந்த மூலையில் கான்கிரீட் கொட்டி டிராக்டர் கொட்டகை போட்டுவிட்டார். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் கொட்டகையைப் பார்க்காமல்தான் போகிறேன்.

ஆக, இரும்பைத் தோண்டாமல் இருக்க முதலில் இரும்பைக் கேட்டுப் பழக வேண்டும். அதற்குத் தாழ்ந்த டோனை வைத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அணைக்கக் கூடாது. மைன்லேப் கம்பெனியின் எக்வினாக்ஸ் மெஷின் வைத்திருந்தால் பக்கவாட்டில் லாடம் படம் போட்ட பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும், எல்லா உலோகமும் பேசும். வீட்டுத் தோட்டத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியையும் ஒரு சின்னக் காசையும் இரண்டு விரல் இடைவெளியில் வைத்து, இரும்பை அடைத்து ஒருமுறை, திறந்து ஒருமுறை வீசிப் பாருங்கள். திறந்திருக்கும்போது ‘உர்ர்’ என்ற உறுமலின் ஓரத்தில் மெலிசாக ஒரு ‘க்ணிங்’ எட்டிப் பார்க்கும். ஒரு பக்கம் வீசும்போது வந்து, மறுபக்கம் வராமலும் போகலாம். அந்தக் ‘க்ணிங்’ காதில் ஏற எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆயிற்று.

எண்ணைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றுவது

என்ன உலோகம் என்ற ஊகத்தை மெஷின் திரையில் ஓர் எண்ணாகவும் காட்டும். எக்வினாக்ஸ் 600, 800 மாடல்களில் இரும்புக்கு -9 முதல் 0 வரை. அதற்கு மேல் வந்தால் நல்ல உலோகம் என்று நம்பித் தோண்டினால், லாடமும் வாஷரும் கலப்பைக் கொழுவின் துண்டும் பல்லைக் காட்டும். பெரிய இரும்பும் தட்டையான இரும்பும் வளையமான இரும்பும் வெள்ளிபோலவே பாடும். வளையத்துக்குள் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றுவதால் வாஷர் இதில் கெட்டிக்காரன்.

தோண்டுவதற்கு முன் தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று இன்னொரு முறை வீசுங்கள். காசு எந்தப் பக்கம் நின்றாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் சொல்லும். இரும்பானால் எண் தாவும், இல்லை உறுமலாக மாறும், இல்லை சிக்னல் வந்த இடமே ஒரு சாண் தள்ளிப் போகும். காயிலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியும் கத்திக்கொண்டே இருந்தால் அது காசு இல்லை, யாரோ விட்டுப்போன வாளி.

ஒன்று மட்டும்: ஆணிகள் நடுவே கிடக்கும் காசும் எண்ணைத் தாவ வைக்கும். ஒரு திசையிலாவது சுத்தமான டோன் திரும்பத் திரும்ப வந்தால் நான் தோண்டிவிடுவேன்.

வேகமாக வீசுவது

புல் வெட்டுகிறீர்களா?

ஆணிக் காட்டில் பெரிய காயில்

பெரிய காயிலுக்கு அடியில் ஒரே நேரத்தில் நான்கு ஆணி. சின்னதை மாட்டுங்கள்.

எடுத்த இரும்பைக் குழியிலேயே போட்டு மூடுவது

அடுத்த வாரம் அதையே மறுபடி தோண்டுவீர்கள். நான் தோண்டியிருக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்ப் பார்ப்பது

இந்தியாவில் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மெஷினை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இரும்பு என்றாலே குப்பை என்று நினைப்பது

1940-இல் பிரிட்டன் வான்போர் நடந்தது கென்ட்டின் தலைக்கு மேல்தான். கனமான, உருளையான, துருவேறிய ஏதாவது தென்பட்டால் அது வெடிக்காத குண்டாக இருக்கலாம்; இழுக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விலகிப் போய் 999-ஐ அழையுங்கள்.

அப்புறம் சஃபோக்கில், ஹாக்ஸ்னி ஊரில் 1992 நவம்பரில் நடந்தது. ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தர எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர் டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் புதையல்: ஏறக்குறைய 15,000 காசுகள், தங்க நகைகள், வெள்ளிக் கரண்டிகள். அவர் முழுக்கத் தோண்டாமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னதால், தொல்லியல் ஆட்கள் வந்து எது எதனோடு எப்படிக் கிடந்தது என்பதைப் பதிவு செய்ய முடிந்தது. சுத்தியலும் கிடைத்துவிட்டது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.