முன்பற்களைச் சீரமைப்பதற்கு முன்: நோயறிதலும் சிகிச்சைத் திட்டமும்

உடைந்த, தேய்ந்த அல்லது நிறம் மாறிய முன்பல்லோடு ஒருவர் வந்து அமர்ந்ததும், அதை எந்தப் பொருளால் சரிசெய்வது என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும். பல் ஏன் இந்த நிலைக்கு வந்தது என்பதை அறியாமல் வைக்கப்படும் கம்போசிட்டும் (பல் நிறத்தில் நிரப்பும் பிசின் பொருள்) வெனீரும் (பல்லின் முன்புறத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு), எனாமலை, அதாவது பல்லின் கடினமான மேற்பூச்சை, உடைத்த அதே விசைக்கு மீண்டும் பலியாகும்.

முதலில் நோயாளியைப் பேசவிட்டு, அவரை உறுத்துவது எது என்பதை அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் கண்ணுக்குக் குறையாகத் தெரியும் பல் இடைவெளி அவருக்குப் பிடித்தமானதாகவும், நாம் பொருட்படுத்தாத ஒரு வெள்ளைப் புள்ளி அவரை வாய்விட்டுச் சிரிக்கவிடாமல் செய்வதாகவும் இருக்கக்கூடும். அடிபட்ட வரலாறு, நெஞ்செரிச்சல், அடிக்கடி வரும் வாந்தி, புளிப்பான பானங்கள், உறக்கத்தில் பல் கடித்தல், நகம் கடித்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிய வேண்டும்.

கேட்டதைப் பல்லின் பரப்பு உறுதிப்படுத்தும். மேல் முன்பற்களின் உட்புறம் வழுவழுப்பாகக் குழிந்து, ஈறோரத்தில் மட்டும் மெல்லிய எனாமல் விளிம்பு எஞ்சியிருந்தால், வயிற்று அமிலம் மேலேறி வருகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். மாறாக, மேல் பல்லின் வெட்டு விளிம்பில் தட்டையான, பளபளக்கும் தேய்மானம் தெரிந்து, நோயாளி கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கீழ்க் கோரைப்பல்லின் தேய்ந்த நுனி அதன்மேல் கச்சிதமாகப் பொருந்தினால், அது பல்லோடு பல் உரசியதன் தடம். முன்னவருக்கு அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மருத்துவ ஆலோசனையும், பின்னவருக்குக் கடி ஆய்வும் இரவில் அணியும் தடுப்புத் தகடும் திட்டத்தின் பகுதியாக வேண்டும். இரண்டும் கலந்தே இருப்பதும் உண்டு.

அடுத்தது பல்கூழ், அதாவது பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்திசு. குளிர்ந்த பொருளைப் பல்லில் வைத்து உணர்வைக் கேட்கும் குளிர்ச் சோதனையைப் பக்கத்துப் பல்லில் முதலில் செய்து காட்டிய பிறகே சந்தேகத்துக்குரிய பல்லில் செய்தால், நோயாளியின் பதில் தெளிவாக இருக்கும். அண்மையில் அடிபட்ட பல் உயிரோடு இருந்தும் சில வாரங்கள், சில வேளைகளில் 3 மாதங்கள் வரை, பதில் தராமல் இருக்கலாம். ஆகவே அந்த ஒரு முடிவை மட்டும் வைத்து வேர் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. நிறமாற்றம், தட்டினால் வலி, எக்ஸ்-ரேயில் வேர் நுனி மாற்றம் போன்ற இன்னொரு சான்றாவது சேர வேண்டும். வேர் முறிவு ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் மறைந்துவிடக்கூடும் என்பதால் அடிபட்ட பல்லுக்கு வேறு கோணத்திலும் படம் எடுப்பது நல்லது. உடைந்த துண்டு கிடைக்காமல் உதடும் கிழிந்திருந்தால், துண்டு உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று அதையும் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பல்லின் பின்புறத்திலிருந்து ஒளியைச் செலுத்தினால் பற்களுக்கு இடையிலுள்ள சொத்தை நிழலாகத் தெரியும். விரிசல் இருக்குமிடத்தில் ஒளி தடைபடும்.

இரத்தம் கசியும் ஈற்றின் அருகே ஒட்டுப்பொருள் சரியாகப் பிடிக்காது. எனவே ஈறு ஆறும்வரை நிரந்தரச் சிகிச்சையை ஒத்திவைப்பதே முறை. உடைந்த விளிம்பு ஈற்றுக்குள் ஆழமாகச் சென்றிருந்தால், அதற்கும் பல்லைத் தாங்கும் எலும்பின் முகட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 3 மி.மீ. இருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

நிறத்தைப் பார்ப்பதற்குச் சரியான நேரம் சந்திப்பின் தொடக்கம்தான். பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் போட்டு, வாய் திறந்தபடி சில நிமிடங்கள் கழிந்தாலே பல் உலர்ந்து வெளிறிவிடும். அந்த வெளிறிய நிறத்துக்குப் பொருத்திய கம்போசிட் மறுநாள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். நிற மாதிரிகள் கொண்ட ஷேட் அட்டையை மட்டும் நம்பாமல், தேர்ந்தெடுத்த கம்போசிட்டில் ஒரு சிறு துளியை, அமிலமும் ஒட்டுப்பொருளும் பூசாத ஈரமான பல்லின்மேல் வைத்து, ஒளியால் இறுகச் செய்து பாருங்கள். இறுகியதும் அதன் நிறம் சற்று மாறும். பார்த்து முடித்ததும் அதை எளிதாகப் பெயர்த்துவிடலாம். வெளுப்பாக்கும் சிகிச்சை தேவைப்பட்டால் அது முதலில் வர வேண்டும், அதன் பிறகு ஏறத்தாழ 2 வாரங்கள் காத்திருக்கவும் வேண்டும். நிறம் நிலைபெறவும், ஒட்டும் திறனைக் குறைக்கும் ஆக்சிஜன் எனாமலிலிருந்து வெளியேறவும் அந்த இடைவெளி தேவை.

வடிவத்தைத் தீர்மானிக்கும்போது வெட்டு விளிம்பின் இடத்திலிருந்து தொடங்குங்கள். உதடுகள் தளர்ந்திருக்கையில் இளம் வயதினருக்கு மேல் நடுப்பற்கள் 2 முதல் 4 மி.மீ. வரை தெரியலாம், வயது ஏறஏற இது குறையும். நடுப்பல்லின் அகலம் நீளத்தில் 75 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் பெரும்பாலும் இயல்பாகத் தோன்றும். ஆனாலும் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போவதே இந்த எண்களைவிட முக்கியம்.

இவையெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைவாகச் செதுக்கும் வழி போதுமென்றால் அதற்கு மேல் போகாதீர்கள். சிறிய உடைவுக்கும், இடைவெளிக்கும், இன்னும் ஈறு நிலைபெறாத இளம் வயதினருக்கும் நேரடிக் கம்போசிட்டே முதல் தேர்வு. பல பற்களின் வடிவமும் நிறமும் ஒருசேர மாற வேண்டியிருந்து, ஒட்டுவதற்கு எனாமல் போதுமான அளவு எஞ்சியிருந்தால் வெனீர் பொருந்தும். பல்லை முழுவதும் மூடும் உறையான கிரவுன், பல்லின் தெரியும் பகுதியில் பாதிக்கும் மேல் செதுக்கிவிடும். பெரும்பகுதியை ஏற்கனவே இழந்த பல்லுக்கு மட்டுமே அந்த விலையைக் கொடுக்கலாம். அப்போதும், கிரவுன் பற்றிக்கொள்ள ஈறோரத்தில் சுற்றிலும் ஏறத்தாழ 2 மி.மீ. உறுதியான பல் வேண்டும். வேர் சிகிச்சை முடிந்து கருத்துப்போன, ஆனால் உடையாத பல்லுக்கு உள்ளிருந்து வெளுப்பாக்கிப் பார்க்காமல் கிரவுனுக்குப் போவது அநியாயம்.

பல முன்பற்களை மாற்றும் திட்டமென்றால், மெழுகில் உருவாக்கிய வடிவத்தைச் சிலிக்கோன் அச்சின் மூலம் நோயாளியின் பற்களின்மேல் தற்காலிகமாகப் பதித்துக் காட்டுங்கள். அவர் 'ஃபோன்', 'வா' என்று சொல்லும்போது புதிய விளிம்பு கீழுதட்டின் ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டை மெல்லத் தொட வேண்டும்; அதைத் தாண்டி உதட்டை அழுத்தினால் நீளத்தைக் குறைக்க வேண்டும். முடிந்தால் அதைச் சில நாட்கள் அணிந்திருக்கச் செய்யுங்கள். அதற்குள் ஒரு மூலை உடைந்து, ஒட்டிய பின்னும் அதே மூலை மீண்டும் உடைந்தால், பொருளை மாற்றுவதற்கு முன் தாடையின் அசைவுகளை மறுபடி ஆராய்ந்து, அந்த மூலையில் மோதும் எதிர்ப்பல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.