முதலில் கஞ்சி கொடுங்கள்: குடியை விடுகிறவரோடு நடப்பது எப்படி

மூன்று நாள் உபவாச ஜெபத்தின் இரண்டாம் நாள், கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி திடீரென்று கட்டைபோல விறைத்துக் கீழே விழுந்தான். வாயோரம் நுரை. தினமும் இரண்டு குவார்ட்டர் குடித்துக்கொண்டிருந்தவன், முந்தின நாள் காலையில் போதகர் ஐயர் முன்னால் பொருத்தனை பண்ணி ஒரேயடியாக நிறுத்தியிருந்தான். பிசாசு அலைக்கழிக்கிறது என்று சுற்றி நின்றவர்கள் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். நான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். 31 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அன்று காலையில் அவன் கை நடுங்கியதைப் பார்த்தும், உபவாசக் களைப்பு என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது.

ஆகவே உங்கள் சபையில் ஒருவர் “குடியை விடப்போகிறேன்” என்று சொன்னால், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். இதைப் பார்த்துத்தான் நம் ஜனங்கள் அசுத்த ஆவி என்று பயப்படுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை, ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டியது. ஜெபத்தை ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்தும் பண்ணலாம்.

டாக்டரிடம் மூன்று விஷயத்தை மறைக்காதீர்கள்: எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா. வெட்கப்பட்டு “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கூடப் போனால் அந்த வெட்கம் பாதியாகக் குறையும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு; எங்கே போவதென்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

சாம்பாரில் அவருக்குத் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது அவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழுந்து, உயிரே போகலாம். அவரும் தெரிந்து சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிடுகிற மருந்து அது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரங்கள்தான் நம்முடைய வேலை. இதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் மாதிரி வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதை. சூரைச்செடியின் கீழே “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டுப் படுத்தவனுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்தான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடுதான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான், “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வியே வருகிறது.

நானும் அதையே செய்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் தூக்குப்பாத்திரத்தில் கஞ்சியும் பயறும், ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பியும் எடுத்துக்கொண்டு போவேன். ஏன் அந்த நேரம்? வேலை முடிந்து கூலி கையில் வரும், பழைய கூட்டாளிகள் போன் பண்ணுவார்கள், டாஸ்மாக் இரவு பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். காலை ஜெபத்தில் நல்ல உறுதியோடு இருந்தவர் ஆறு மணிக்குத் தவித்துப்போவார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஆண்களுக்குத் துணை ஆண்கள்தான் சரி; வாலிபர் ஐக்கியத்தில் இரண்டு பேரைச் சேர்த்து முறைபோட்டுக்கொள்ளுங்கள். கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றுவழியில் வீட்டுக்குக் கூட்டிவரட்டும். வாழைக்கு உரம் வைப்பதைப் பற்றியோ பிள்ளையின் பரீட்சையைப் பற்றியோ பேசட்டும். கிளம்பும்போது, “ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், சரி, வீட்டுக்குப் போய் ஜெபியுங்கள்.

பண உதவி என்றால் கையில் காசு கொடுக்காமல், ஸ்கூல் பீஸை நேராகக் கட்டுங்கள், மளிகைக்கடைப் பாக்கியைத் தீருங்கள். அதையும் அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

சாட்சி சொல்லச் சொல்லி மேடையேற்றாதீர்கள். இரண்டு மாதம் குடிக்காமல் இருந்தவரைக் கன்வென்ஷனில் நிறுத்திக் கைதட்டினால், அவர் சறுக்கும்போது கோயிலுக்கே வர முகம் இருக்காது. அவர் உங்களிடம் சொன்னதை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நாலு பேரிடம் சொல்வதும் அதே காயத்தைத்தான் உண்டாக்கும். திருவிருந்தில் பாத்திரத்தில் இருப்பது வெறும் திராட்சரசமா, ஒயினா என்று ஐயரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒயின் என்றால், அப்பம் மட்டும் வாங்குவதற்கு வழி பண்ணச் சொல்லுங்கள். அந்த ஒரு மிடறின் வாசனை போதும், பழைய ஆசை எழும்ப.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்கு அவர் போக விரும்பினால் தடுக்காதீர்கள். “நம் சபை போதாதா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடிக்கு அடிமையான ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டரும் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது அது. இருவருமே ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்தின் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். குடித்தவன் மனசு குடித்தவனுக்குத் தெரியும். எனக்கு அது முழுதாகத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறேன்.

அவருடைய மனைவியைத் தனியாகப் போய்ப் பாருங்கள். “நீ பொறுமையாக ஜெபி” என்பதைக் கேட்டுக்கேட்டுச் சலித்துப்போனவள் அவள். எத்தனை மணிக்குத் தூங்கினாள், சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அடி விழுகிற வீடு என்றால் அவளும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போவதுதான் முதல் காரியம், பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைக்கலாம். மன்னிப்பதும் அடி வாங்கிக்கொண்டு இருப்பதும் ஒன்றல்ல என்பதை நம் பெண்களுக்கு யாராவது வாய் திறந்து சொல்லவேண்டும். நான் சொல்கிறேன்.

பலர் ஒருமுறையாவது திரும்பக் குடிப்பார்கள். அந்தத் தம்பியும் ஏழு மாதம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் விழுந்தான். கதவைச் சாத்திக்கொண்டான். நான் ஏன் என்று கேட்கவில்லை. தூக்குப்பாத்திரத்தைப் படியில் வைத்து, “கஞ்சி இருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அது அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்து. கழுவி வேறு கஞ்சி வைத்தேன். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவைத் தட்டினேன்.

பாதி திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “சிஸ்டரம்மா, நாளைக்குக் காலைல எட்டு மணி பஸ்ஸுக்குப் போனா டாக்டரைப் பார்த்திரலாமா?”

“இன்னிக்கே போயிரலாம் தம்பி, சட்டையைப் போடு” என்றேன்.