கால்நகை ரேந்தை: புதிதாகப் பின்னுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் எங்கள் வகுப்பில் கால்நகைக் காலம் தொடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் வெளிவீதி மணலில் வெறுங்காலோடு நடக்கும்போது, இரண்டாம் விரலில் தொடங்கிக் கணுக்கால்வரை ஏறும் டாட்டிங் ரேந்தையை, அதாவது ஷட்டில் என்ற சிறு நூல்சுற்றியால் முடிச்சு முடிச்சாகப் பின்னிய ரேந்தையை, அணிய ஆசைப்படுகிறார்கள். நேற்று ஷட்டில் பிடித்தவர்கூட இன்று ஓடர் எடுத்துவிடுகிறார். பிறகு நாங்கள் ஒரு காலத்தில் கெடுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவர்களும் கெடுக்கிறார்கள்.

முடிச்சு புரளாமல் வளையம் மூட மறுப்பது, பிக்கோக்கள் (முடிச்சுகளுக்கு இடையில் விடும் சின்ன நூல் வளைவுகள்) ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக நிற்பது, எண்ணிக்கை தவறுவது ஆகியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. கை பழகினால் அவை தாமாகவே போய்விடும். கை பழகிய பிறகும் தொடருகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

சப்பாத்து இலக்கத்தை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

ரொறன்ரோவிலிருந்து வந்த மணப்பெண் ஒருவருக்கு என் மாணவி ஒருத்தி கால்நகை பின்னிக் கொடுத்தாள். அளவு வட்ஸ்அப்பில் வந்தது: சப்பாத்து இலக்கம், கதிரையில் இருந்தபடி பாதத்தின் அருகே அடிமட்டம் வைத்து எடுத்த ஒரு படம், அவ்வளவுதான். வேலையைக் குறை சொல்ல முடியாது. இருபதாம் இலக்க வெள்ளை நூலில் மூவிலைப் பூக்களை அடுக்கியிருந்தாள். பிக்கோக்கள் எல்லாம் ஓரளவாக நின்றன. போட்டுப் பார்த்தபோது அச்சொட்டாகப் பொருந்தியது.

மணவறையில் சம்மணம் கட்டி இருந்ததும் விரல் வளையம் தசையை அறுக்கத் தொடங்கியிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் காலை நீட்டவா முடியும்? பொறுத்துக்கொண்டார். மாப்பிள்ளை அவருடைய காலைத் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போடுகிற நேரம், வீடியோக்காரர் காலுக்குக் கிட்டக் குனிந்து நிற்கும்போது, விரல் வளையத்துக்கும் முதல் பூவுக்கும் இடையில் இருந்த வெறும் நூல் அறுந்தது. தாயார் ஒரு சேப்டி பின்னைக் குத்திச் சமாளித்தாராம். மிச்சப் பணம் வரவில்லை. அந்தக் குடும்பத்தார் சொல்லிவைத்திருந்த மற்ற ஓடர்களும் போயின.

“ரீச்சர், நின்று பார்க்கும்போது சரியாகத்தானே இருந்தது?” என்றாள்.

நிற்கும்போது சரிதான். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டினாலோ சம்மணம் கட்டினாலோ விரலடிக்கும் கணுக்கால் மடிப்புக்கும் இடைப்பட்ட தூரம் கூடுகிறது. பலருக்கு அது ஒரு விரற்கடைக்குக் குறையாது. குரோஷே என்றால் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். டாட்டிங் கொடுக்காது. ஒவ்வொரு இரட்டை முடிச்சும் உள்ளே ஓடும் ஒரு நூலின்மேல் ஏறி இருக்கிறது. அந்த உள்நூல் நேராக, விறைப்பாக நிற்கிறது. இழுவை முழுவதும் அதன்மீதுதான். அது அறுந்தால் முடிச்சுகள் வழுகிக் கழன்றுவிடும். பிரித்துப் பின்னலாம் என்றால், இறுக்கி மூடிய வளையத்தைத் திறப்பது இலேசான காரியமில்லை. பெரும்பாலும் கத்தரிக்கோலில்தான் போய் முடியும். ஆகவே அளவில் விட்ட பிழையைப் பின்னலில் திருத்த வழியில்லை.

அளவெடுக்கும் முறை இதுதான். முறுக்கான பருத்தி நூல் ஒன்றை எடுங்கள்; கம்பளி நூலும் இலாஸ்ரிக்கும் ஆகாது. இரண்டாம் விரலைச் சுற்றி, புறங்காலின்மேல் கொண்டுவந்து, கணுக்கால் மடிப்பில் குறி இடுங்கள். நின்றபடி ஒரு குறி, பாதத்தை நீட்டி ஒரு குறி, சம்மணம் கட்டி ஒரு குறி. எது தூரத்தில் விழுகிறதோ அதுவே அளவு. மாலையில் எடுங்கள், பகல் முழுவதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். வெளிநாட்டு ஓடர் என்றால், மூன்று நூல்களை வெட்டி அடிமட்டத்தோடு ஒட்டி நேராக வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பாதத்தின் படம் எதற்கும் உதவாது.

நீட்டி எடுத்த அளவில் பின்னினால் நிற்கும்போது தொய்யும் என்று பயப்படுகிறார்கள். கணுக்கால் சுற்றை எலும்புக்கு மேலே இறுக்கிக் கட்டினால்தான் அந்தத் தொல்லை. எலும்பின்மீதே படும்படி தளர்வாக விட்டால், பாதம் நீளும்போது சுற்று கீழே இறங்கும். நிற்கும்போது மேலே ஏற்றிவிடலாம். பின்பக்கம் சின்ன வளையங்களை வரிசையாகப் பின்னி, ஒரு மணியைப் பொத்தானாக வைத்தால் தேவைக்கு ஏற்ப மாற்றிப் பூட்டலாம். அறுந்த அந்த வெறும் நூல் இருக்கிறதே, அந்த இடத்தில் இடைவெளி விடவே விடாதீர்கள். விரல் வளையத்தை முதல் பூவோடு ஒட்டியே தொடங்குங்கள்.

கஞ்சி போடுவது

வேண்டாம். வியர்வை பட்டால் பிசுபிசுக்கும், அலுமாரியில் வைத்தால் கரப்பான் வரும்.

இரண்டு இடது கால்

பூக்கொடி வெளிக்கணுக்காலை நோக்கிச் சாய்கிற மாதிரியான வேலை என்றால், ஒரே வரைபடத்தை இரண்டு தடவை பின்னினால் இரண்டும் இடது காலுக்கே ஆகும். ஒன்றைத் திருப்பிப் போடலாமே என்பார்கள். ஒற்றை நிறத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. இரண்டு நிறம் சேர்த்திருந்தால், இணைப்பு போட்ட இடமெல்லாம் பின்பக்கத்தில் மற்ற நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். வலது காலுக்கு வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றி எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

நூல்

பூவேலைக்கு விற்கிற ஆறிழை நூல் காலுக்கு உதவாது. இழை பிரிந்து, மணல் ஏறி, முடி முடியாக எழும்பும். எண்பதாம் இலக்கம் மெல்லிசு; கைக்குட்டை ஓரத்துக்கு அழகு, காலில் நிலைக்காது. பத்தாம் இலக்கம் பருமன். மேலே செருப்பு வார் அழுத்தினால் ஒவ்வொரு முடிச்சும் தோலில் பதியும். இருபதில் தொடங்குங்கள். வெறும் கணுக்கால் சுற்றுக்கு மட்டும் நாற்பது போதும்.

“உறுதியாக இருக்கும்” என்று குருநகரில் வலை நூல் வாங்கி வந்தாள் ஒருத்தி. உறுதிதான். அது மீனுக்கு. நைலோன் முடிச்சு வழுகும், விரலிடுக்கைக் கீறும்.

நுனிக்குப் பசை

காய்ந்த பசை முள்ளாகும். ஊசியில் கோத்து, முடிச்சுகளுக்குள்ளே ஒரு விரற்கடைத் தூரம் செலுத்திவிட்டு வெட்டுங்கள். முதல் துவைப்புக்குப் பிறகு வெட்டினால் இன்னும் நல்லது.

மெட்டியை மறப்பது

மணமானவர் என்றால் முதலில் கேட்க வேண்டியது இது. மெட்டியும் நூல் வளையமும் ஒரே விரலில்தான் உட்காருகின்றன. வெள்ளி விளிம்பு நடைக்கு நடை நூலை அராவும். மெட்டி போட்ட காலிலேயே அளவெடுத்து, வளையத்தை மெட்டிக்கு உள்ளே, விரலடியில் நிற்கிற மாதிரி வையுங்கள். மெட்டி அகலமானது என்றால் அடுத்த விரலுக்கு மாற்றிவிடுங்கள்.

பித்தளைச் சலங்கை மணி

வியர்வையில் பச்சை ஏறும். வெள்ளை நூலில் அந்தக் கறை போகாது. கண்ணாடி மணியைக் கோத்துக்கொள்ளுங்கள். ஷட்டிலில் நூல் சுற்றுவதற்கு முன்பே கோத்துவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரமும்

யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணக்கல். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே கிணற்றுத் தண்ணீரின் குணம் விளங்கும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்குப் பதிலாகத் திரை திரையாக ஒன்று மிதக்கும். அது முடிச்சுகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டால் வெள்ளை ரேந்தை சாம்பல் நிறமாகிவிடும். நூல் மட்டமானது என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கப் போகிறார்கள். மழைத் தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதில் துவையுங்கள். இல்லையென்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் எடுத்து, சவர்க்காரத்துக்குப் பதிலாகச் சலவைத் திரவம் சில துளி விடுங்கள். பிழியாமல், ஒரு துவாயில் விரித்து, பிக்கோக்களை ஒவ்வொன்றாக விரலால் இழுத்து நேராக்கி, நிழலில் காயவிடுங்கள். மஞ்சளோ குங்குமமோ பட்டிருந்தால் அன்றைக்கே அலசிவிடுங்கள்.