கிட்டார் ரெக்கார்டிங்கில் லேட்டன்சி: பஃபரைக் குறைப்பதற்கு முன்னால்

கிட்டாரைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது, கம்பியை மீட்டிய ஒரு நொடித்துளி கழித்துத்தான் ஹெட்போனில் ஒலி வருகிறது. இந்தத் தாமதம்தான் லேட்டன்சி. உடனே பலரும் ஆடியோ இன்டர்ஃபேஸின் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) செட்டிங்ஸைத் திறந்து பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவை, 32 சாம்பிளுக்கு இறக்கிவிடுகிறார்கள். ஒலி கரகரக்கத் தொடங்குகிறது, ரெக்கார்டிங் மென்பொருள் திணறுகிறது, தாமதம் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. "கம்ப்யூட்டர் பழசு, மாத்தணும்" என்ற முடிவு பிறப்பது இங்கேதான். பெரும்பாலும் கம்ப்யூட்டர் மேல் ஒரு தப்பும் இருக்காது.

தாமதம் முக்கியமாக வருவது இரண்டு இடங்களிலிருந்து: ஒன்று பஃபர், இன்னொன்று பிளக்இன், அதாவது மென்பொருளுக்குள் ஒலியை மாற்றும் எஃபெக்ட். எதிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் கை வைப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் அதன் பின்னாலேயே வருகின்றன.

பஃபர் கணக்கு எளிது. 48,000 சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது; ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்) 128 சாம்பிள் என்றால் சுமார் 2.7 மில்லி செகண்ட். உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை, ஆக 5.3. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வர்ட்டரும், இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். நல்ல டிரைவர் என்றால் மொத்தம் பெரும்பாலும் 10-ஐத் தாண்டாது. காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகிறது. அதாவது ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கே கிட்டத்தட்ட 9 மில்லி செகண்ட் தாமதம் உண்டு, மேடையில் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. வேகமாகப் பிக் செய்பவர்கள் சிலருக்கு இதுவும் உறுத்தலாம். அவர்கள் 64 போட்டுப் பார்க்கலாம். அதற்குக் கீழே கரகரப்பு வந்தால், அதோடு போராடுவது வீண்.

பிளக்இன் தாமதம் வேறு கதை. லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஈக்யூ என்பது பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பது), லுக்அஹெட் உள்ள லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் அடக்குவது) போன்றவை வரப்போகும் ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டியே பார்த்தால்தான் வேலை செய்யும். அதற்காக ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு ஈக்யூ 4,096 சாம்பிள் பிடித்து வைத்தால் 48,000 ரேட்டில் அது 85 மில்லி செகண்ட். பஃபரை எவ்வளவு இறக்கினாலும் இந்த 85-ல் ஒன்றும் குறையாது.

இதில் மாட்டிக்கொள்ளச் செய்யும் விஷயம், அந்த ஈக்யூ கிட்டார் ட்ராக்கில் இருக்கவே வேண்டியதில்லை. எல்லா ட்ராக்கும் ஒன்றுசேர்ந்து வெளியே போகும் மாஸ்டரில் இருந்தாலே போதும். பாட்டை வெறுமனே ஓட்டிக் கேட்கும்போது தெரியாது. எல்லா ட்ராக்கும் ஒரே அளவு தாமதத்தில் வருமாறு மென்பொருளே சரிக்கட்டிவிடும் (இதுதான் டிலே காம்பன்சேஷன்). ஆனால் நீங்கள் இப்போது வாசிப்பதை அதனால் முன்கூட்டித் தர முடியாது, அந்த ஒலியும் மாஸ்டர் வழியாகத்தான் வர வேண்டும். மிக்ஸ் பாதி முடிந்த பிறகு "இன்னொரு லீட் வாசிச்சுப் பார்க்கலாமே" என்று உட்கார்ந்தால், நேற்று வரை ஒழுங்காக இருந்த பிராஜெக்ட் இழுவையாக இழுப்பது இதனால்தான்.

பைபாஸ் பொத்தானை அழுத்திவிட்டுத் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. பைபாஸ் செய்தாலும் தாமதத்தை விடாத பிளக்இன்கள் நிறைய உண்டு. ஆஃப்லைன் செய்து முழுதாக அணைக்க வேண்டும், இல்லை கழற்றவே வேண்டும். ரெக்கார்டிங் மென்பொருள்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. ரீப்பரில் எஃபெக்ட் ஜன்னலின் கீழ்ப்பகுதியில் எத்தனை சாம்பிள் தாமதம் என்று எண் தெரியும். லாஜிக்கில் லோ லேட்டன்சி மோட் இருக்கிறது. கியூபேஸில் டிலே காம்பன்சேஷனைக் கட்டுப்படுத்த ஒரு பொத்தான் உண்டு. எனக்குப் பிடித்த வழி இவை எதுவும் இல்லை: பாட்டை ஆரம்பத்திலிருந்து ஒரே ஸ்டீரியோ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, புது பிராஜெக்டில் போட்டு, ஒரே ஒரு ஆம்ப் சிம்மோடு (கிட்டார் ஆம்ப்பைப் போல ஒலிக்கும் பிளக்இன்) அதன்மேல் வாசிப்பது. வாசித்ததை, அதே தொடக்கப் புள்ளியோடு, பழைய பிராஜெக்டுக்குக் கொண்டுபோனால் போதும்.

ஆம்ப் சிம்மின் தாமதம் பொதுவாகக் கொஞ்சம்தான். அதிலுள்ள ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே இன்னும் அதிக சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவது) உச்சத்தில் வைத்து ரெக்கார்ட் செய்வது மட்டும் தேவையில்லாத சுமை. ஆம்ப் சிம்மை ட்ராக்கில் இன்செர்ட்டாகப் போட்டிருந்தால் பதிவாவது எஃபெக்ட் இல்லாத வெறும் சிக்னல்தான், டோனை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். ட்யூனிங்கைக் கீழே இறக்கும் பிட்ச் எஃபெக்ட் மட்டும் விதிவிலக்கு. அதன் தாமதம் கைக்கே தெரியும். கிட்டாரையே இறக்கி ட்யூன் செய்துவிடுவது மேல்.

சில தவறுகளுக்கு ஒரு வரி போதும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ (தாமதத்தைக் குறைக்கும் டிரைவர் வகை) டிரைவர் இருக்கும்போது, ஏசியோ4ஆல் என்ற பொதுவான டிரைவர் வேண்டாம். வாசிக்கும்போதே கேட்பதற்கு (மானிட்டர் செய்ய) புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. சாம்பிள் ரேட்டை 96,000-க்கு ஏற்றினால் பஃபர் தாமதம் பாதியாகும், சிபியு சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும், கடைசியில் கரகரப்பை நிறுத்தப் பஃபரைத்தான் ஏற்றுவீர்கள்.

டைரக்ட் மானிட்டரிங்கை (கம்ப்யூட்டருக்குள் போகாமலே இன்டர்ஃபேஸ் ஒலியை ஹெட்போனுக்கு அனுப்புவது) அணைக்க மறப்பது அதிகம் நடக்கிறது. இன்டர்ஃபேஸிலிருந்து நேரடி ஒலியும் ஆம்ப் சிம் வழியாக வருவதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, டோன் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல உள்ளீடற்றுக் கேட்கும். ஆம்ப் சிம் மட்டம் என்று அதைத் திட்டுவார்கள், பாவம்.

கடைசியாக, பதிவான ட்ராக்கைக் கண்ணால் பார்த்து மவுஸால் நகர்த்துவது. டிரைவர் சொல்லும் தாமதத்தை நம்பித்தான் மென்பொருள் ட்ராக்கை இடம் மாற்றி வைக்கிறது. டிரைவர் தப்பான கணக்குச் சொன்னால் எல்லாமே தள்ளி விழும். சரிபார்க்க, இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போடுங்கள். புது ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிட்டு, ஏற்கெனவே உள்ள கிளிக் ட்ராக்கை (தாளத்துக்கான டிக் டிக் ஒலி) ஓட்டி மறுபடி பதிவு செய்து, இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அந்த எண்ணை மென்பொருளின் ரெக்கார்டிங் ஆஃப்செட் செட்டிங்கில் போட்டுவிடலாம். இந்தச் சோதனையில் எல்லாம் சரியாக விழுந்தும் கிட்டார் மட்டும் முந்திக்கொண்டே இருக்கிறதா? அப்போது ஹெட்போன் தாமதத்தை ஈடுகட்ட உங்கள் கை தானாகவே முன்கூட்டி வாசிக்கிறது. அந்த டேக்கை நகர்த்திக்கொண்டிருக்காமல், மாஸ்டரைக் காலி செய்துவிட்டு மறுபடி வாசியுங்கள்.