போலீஸ் ரிப்போர்ட்ல தப்பா இருந்தா என்ன பண்ணனும்

மலேசியாவுல, பினாங்கு ஜெலுத்தோங்ல அப்பா கார்ல ஒருத்தர் வந்து மோதுனாரு, ஆனா ரிப்போர்ட்ல அப்பாதான் சிவப்பு லைட்ல போனாருன்னு இருந்துச்சு, மலாய்ல டைப் பண்ணத முழுசா படிக்காம கையெழுத்து போட்டுட்டாரு, அதுக்கப்புறம் வீட்ல யாருக்கும் தூக்கமே இல்ல.

மொத ரிப்போர்ட்ட அழிக்க சொல்லி கவுண்டர்ல மல்லுக்கட்டாதீங்க. அந்த ரிப்போர்ட் நம்பர குறிப்பிட்டு ரெண்டாவது ரிப்போர்ட் போடுங்க, எந்த வரி தப்பு, உண்மையில என்ன நடந்துச்சு, அது மட்டும் போதும், மலாய் தெரிஞ்ச புள்ளைய கூட கூட்டிட்டு போயி வரிவரியா படிக்க சொல்லுங்க. டேஷ்கேம் (கார்ல மாட்டியிருக்குற கேமரா) வீடியோவ அன்னைக்கே காப்பி எடுத்துருங்க, பழசு மேல புதுசு ஏறிடும், எங்களுக்கு அப்படித்தான் போச்சு. விசாரணை அதிகாரி பேர கேட்டு எழுதி வச்சுக்குங்க. சம்மன் (அபராத நோட்டீஸ்) வந்தா பயந்து பணத்த கட்டிடாதீங்க, ஒத்துக்கலன்னா கோர்ட்ல பேசலாம்.